வியாழக்கிழமைத் தண்ணீர்

ஓடாத மெஷின் ஒன்றுக்குக் காவல் இருந்ததுதான் என் உத்தியோகம். இருபத்தாறு வருஷம். பஸ்ஸில் யாராவது "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால், "கேஸ் ஸ்டேஷன்ல ஆபரேட்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மேற்கொண்டு விளக்கப்போனால், சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். சும்மா இருப்பது எவ்வளவு அலுப்பு என்று, சும்மா இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

திருவாரூருக்குத் தெற்கே எங்கள் ஊர். எங்கள் பக்கத்து வயல்களுக்கு அடியில் கேஸ் இருக்கிறது. கிணறு கிணறாகத் தோண்டி எடுத்து, அதிலிருக்கும் தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து, குழாயில் அனுப்புகிற இடம்தான் ஸ்டேஷன். அங்கே பம்ப், வால்வு, மீட்டர் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். அதற்குத் தனி லைன் போட்டிருந்தார்கள். அந்த லைன் எப்போதாவது போய்விட்டால் உடனே எடுத்துக்கொள்ளத்தான் என் மெஷின்.

அது ஒரு கேஸ் டர்பைன். டீசல் ஜெனரேட்டர் மாதிரி கடகடவென்று ஆடாது. காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, கேஸோடு சேர்த்து எரித்து, அந்தக் கொதிகாற்றாலேயே சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தோடு ஜெனரேட்டரும் சுற்றும். கிளம்பும்போது முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு விசில், அதன்பிறகு காதைப் பொத்திக்கொள்ள வைக்கிற ஊளை. எரிக்க வேண்டிய கேஸ் எங்கள் கிணற்றிலிருந்தே வரும். எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தனி லைன் போகவே போகாது. யானையைக் கட்டித் தீனி போட்டதுபோல நான் அதற்கு எண்ணெய் பார்த்து, பேட்டரி பார்த்து, துடைத்து, கையெழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் மட்டும் அதைக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்ப்போம். வெறுமனே ஓட்டினால் போதாது; சுமை வைத்து ஓட்ட வேண்டும். அப்படி உண்டாகிற கரண்ட் எங்கேயாவது போகவேண்டுமே! அதற்காக ஷெட்டுக்கு வெளியே வேலி ஓரமாக இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். உள்ளே முழுக்க ஹீட்டர் கம்பிகள். கரண்ட் அதில் பாயும், கம்பிகள் சிவக்கும், ஒரு ஃபேன் அந்தச் சூட்டை வேலிக்கு அந்தப்பக்கம் ஊதித் தள்ளும். காகிதத்தில் அதற்குப் பெரிய பெயர் உண்டு. நாங்கள் சூட்டுப்பெட்டி என்போம். வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தது என் அண்ணனின் வயல்.

இந்த வயலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். கொடி பிடித்து, சங்கம் சேர்ந்து, கூலி நெல்லுக்காக அடி வாங்கின தலைமுறை. தலைமடையில், அதாவது வாய்க்கால் ஆரம்பிக்கிற இடத்தில், பண்ணையாரின் வயல்கள். தண்ணீர் குறைந்த வருஷங்களில் மதகை அடைத்து அவர் வயல் தளும்பத் தளும்பக் குடித்த பிறகுதான் கீழே விடுவார்கள். கடைமடையில் குத்தகைக்காரர்களின் பயிர் கருகிக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் அப்பாவும் நாலைந்து பேரும் போய் மதகைத் திறந்துவிட்டார்கள். அப்போது விழுந்த அடியில் அப்பாவின் இடது கை முறிந்தது. கடைசி வரைக்கும் அந்தக் கை நேராகவில்லை. ஆனால் பஞ்சாயத்தில் ஒரு முறை ஏற்பட்டது: பற்றாக்குறைக் காலத்தில் முதல் தண்ணீர் கடைமடைக்கு, அங்கிருந்து ஒவ்வொரு வயலாக மேலே, தலைமடைக்குக் கடைசி. பிறகு கோட்டையில் ஆட்சி மாறி, சட்டங்கள் வந்து, பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் பட்டணம் போய், நிலம் கைமாறியது. அப்பாவுக்குத் தலைமடையிலேயே ஆறு மா கிடைத்தது. எங்கள் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர்.

அந்த ஆறு மாவில் மூன்றை ஸ்டேஷனுக்காக எடுத்தார்கள். அப்போது அப்பா இல்லை. நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்றார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டார். வேலை எனக்கு வந்தது. "நீ ஐ.டி.ஐ. படிச்சவன், நீ போ. எனக்கு மம்பட்டி இருக்கு" என்றார். இதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பவர்கட் வருஷங்கள் வந்தன. வீட்டுக்கு வீடு இலவச டி.வி. இருந்தது, பார்க்கத்தான் கரண்ட் இல்லை. "ஆட்சி மாறினா வந்துடும்" என்பார்கள். மாறியது. அப்புறமும் வரவில்லை. இதற்கு நடுவில் ஒரு சம்பாப் பட்டத்தில் ஆற்றுத் தண்ணீர் பாதியில் நின்றது, மழையும் ஏமாற்றியது. அந்த வாய்க்காலில் பாய்கிற வயல்கள் நாலு. நாலுக்கும் சேர்த்து நல்ல தண்ணீர் வருகிற போர் கிணறு அண்ணனுடையது ஒன்றுதான். கார்த்திகை பிறக்கிற நேரத்தில் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துபோய், அந்தப் போர் மோட்டாரும் நின்றது. மாற்றித் தருகிறோம் என்றார்கள். என்றார்கள், அவ்வளவுதான்.

அதே மாதம் என் மெஷினைப் பிரித்து மாட்டியிருந்தார்கள். அதனால், ஐந்து வாரத்துக்கு வியாழக்கிழமைதோறும் நாலு மணி நேரம் சுமை வைத்து ஓட்டு என்று ஆபீஸிலிருந்து உத்தரவு. முதல் வியாழன் ஓட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வேலி ஓரம் வந்து நின்றார். ஊளைச் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டும்.

"ஏன்டா, இந்தப் பெட்டி என்னதான்டா பண்ணுது?"

"சூடு பண்ணுதுண்ணே."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. சும்மா."

"சும்மாவா!" அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமேதான் கதிர் தள்ளப்போற பயிருடா. காலடியில பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. மேல வெயில் அடிக்குது, பக்கத்துல உன் பெட்டி ஊதுது. நம்ம மண்ணுக்கு அடியில எடுத்த கேஸ எரிச்சு, அத நம்ம பயிர் மேலயே ஊதுறீங்களே, நல்லாவாடா இருக்கு? அந்தக் கரண்ட என் மோட்டார்ல விட்டா என்ன?"

விடக்கூடாது. விட்டால் வேலை போய்விடும். இதை அவரிடம் சொல்லாமல், மீட்டர் பார்க்கணும் என்று ஷெட்டுக்குள் போய்விட்டேன். அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மா போய்த்தான் இந்த வேலை வந்தது, மீதி மூன்று மா என் கண்ணெதிரே கருகுகிறது, நான் கம்பியைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் எங்கள் இன்ஜினியரிடம் சொன்னேன். வேற்றூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். நிறைய நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "மீட்டர்ல சுமை காட்டணும். அது பெட்டியில எரிஞ்சா என்ன, வேற எங்க எரிஞ்சா என்ன. நான் எதையும் பாக்கல," என்றார். எழுந்து போகும்போது திரும்பி, "ஏதாவது ஆச்சுன்னா முதல்ல உங்க வேலை, அடுத்து என் வேலை. ஞாபகம் இருக்கட்டும்," என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். எங்களுக்குப் பூசாரி கொடுத்துவிட்டார்.

சூட்டுப்பெட்டியின் ஒரு சுவிட்சிலிருந்து ஒயர் இழுத்து, வேலிக்கடியில் விட்டு, அண்ணனின் மோட்டார் கொட்டகை வரை கொண்டுபோனேன். ஒரே ஒரு கண்டிப்பு வைத்தேன். கொட்டகையில் மின்சார போர்டு லைனோடு சேர்கிற மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்ட பிறகுதான் அண்ணன் எனக்குக் கை காட்டவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கரண்ட் போர்டு லைனில் ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கிறவன் எவனாவது இருந்தால் அவன் கதி அதோகதி. அண்ணன் விளையாட்டுக்குக்கூட அதில் தவறியதில்லை. மடியை ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டுத்தான் கையைத் தூக்குவார்.

அடுத்த வியாழன் மோட்டார் ஓடியது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. அண்ணன் முகம் தொங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு. "தலைகீழா சுத்துதுண்ணே! எந்த ரெண்டு ஒயரையாவது மாத்திப் போடணும்" என்று அந்தச் சுவிட்சை ஒரு நிமிஷம் நிறுத்தி மாற்றிக் கொடுத்தேன். பிறகு குழாய் நிறையப் பீறிட்டு வந்ததே, அப்பா! என் மெஷின் எதற்காவது பயன்பட்டதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். நாலு மணி நேரமும் சந்தோஷமாக மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிறுத்திவிட்டு வேலி ஓரம் போனால், அண்ணனின் வயல் காய்ந்தது காய்ந்தபடி கிடக்கிறது. வாய்க்கால் மட்டும் ஈரம். தண்ணீர் அத்தனையும் கடைமடைக்குப் போயிருக்கிறது. அங்கே கடைசி வயலில் ஒரு அக்கா இருந்தார். புருஷன் இல்லாதவர், குத்தகைப் பயிர். மடையை அடைத்துவிட்டு முழங்கால் சேறோடு வந்து, "நல்லா இருப்பே தம்பி. நீ பண்ணுன உதவி என் உசுரு உள்ளவரைக்கும் மறக்காது," என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கும்பிடுகூடச் சரியாகக் கண்ணில் படவில்லை.

"அண்ணே, ஒனக்குப் பைத்தியமா?" என்றேன். நீங்க என்றுதான் அவரைக் கூப்பிடுவது. கோபத்தில் வாய் தவறிவிட்டது. "நான் ஒனக்காகத்தானே வேலையப் பணயம் வச்சேன்? தனக்கு மிஞ்சித்தான் தானம் தர்மமெல்லாம்!"

"பத்தாக்குறைக்கு முறைன்னு ஒண்ணு இருக்குல்லடா."

"அது ஆத்துத் தண்ணிக்கு. இது ஒன் போர். ஒன் தம்பியோட கரண்ட்."

"கரண்ட் ஒன்னுதா?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தணிந்து, "தலமடையில உக்காந்துக்கிட்டு நான் முதல்ல குடிச்சா, அந்தப் பண்ணையாருக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்? அப்பா கை எதுக்கு ஒடிஞ்சுது? நாலே வாரந்தான். எனக்கு நாலாவது. என்னுது களிமண்ணு, தாங்கும்" என்றார்.

விரல்விட்டுப் பார்த்தேன். உத்தரவு ஐந்து வாரம். ஒன்று பெட்டியில் எரிந்துபோயிற்று. மீதி நாலு. நாலு வயலுக்கு நாலு வியாழன். அண்ணனுக்குக் கடைசி வியாழன். ஒன்றுகூடத் தவறக்கூடாது. போய்த் தொலை என்று வந்துவிட்டேன்.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை. இரண்டு வயலும் நனைந்தன. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் அண்ணன் வயலின் வரப்பை உரசிக்கொண்டு கீழே போனது. அவர் மம்பட்டியோடு கூடவே நடந்து, உடைப்பு இல்லாமல் பார்த்து, அடுத்தவர் வயலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருவார். தன் வயல் பக்கம் கசிந்தால்கூட அடைத்தார். அவருடைய பயிர் மத்தியானத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டு, விடியற்காலையில் கொஞ்சம் விரிந்து, அப்படியே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கதிர்கள் பால் பிடிக்கிற வாரம் வந்துவிட்டது. அந்த வாரம் ஒரு நனைப்பு நனைத்தால் நெல், இல்லாவிட்டால் பதர். இதில் இடைப்பட்டது கிடையாது.

நாலாவது முறை, கடைசி வியாழன். ஒன்பது மணிக்கு ஓட்டுவதாக இருந்தோம். அண்ணன் எட்டு மணிக்கே கொட்டகையில். எட்டே முக்காலுக்கு ஸ்டேஷனில் விளக்குகள் ஒருதடவை கண்ணைச் சிமிட்டின. அணைந்தன. நான் எழுந்திருப்பதற்குள் ஷெட்டில் அந்தப் பெருமூச்சு, விசில், ஊளை. விளக்குகள் திரும்ப எரிந்தன. பத்தொன்பது வருஷத்தில் முதல்தடவையாகத் தனி லைன் போய்விட்டது. என் மெஷின் தானாகவே எழுந்து மொத்த ஸ்டேஷனையும் தோளில் தூக்கிக்கொண்டது.

இன்ஜினியர் செருப்பு மாட்டாமல் ஓடிவந்தார். "எடுத்துக்கிச்சுய்யா! கரெக்டா எடுத்துக்கிச்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன்.

ஊளைச் சத்தம் கேட்டதும் அண்ணன் தன் முறைக்குத்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். மடியைத் தட்டிக் காட்டினார். கையைத் தூக்கினார். கொட்டகைக்குள் போனார். வெளியே வந்து குழாயைப் பார்த்தார். மறுபடி உள்ளே போய் வந்தார். என்னைப் பார்த்து, என்ன என்று கையை ஆட்டினார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. இரண்டு விரல்களைக் குறுக்கே மாற்றிக் காட்டினார், ஒயரை மாற்றிப் போடட்டுமா என்று. நான் அதற்கும் தலையை ஆட்டினேன்.

மெஷின் ஸ்டேஷனைச் சுமக்கும்போது சூட்டுப்பெட்டியின் சுவிட்ச் விழாது, அதில் கரண்ட் போகாது. அப்படித்தான் செய்துவைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பின்னால் ஒரே ஒரு சின்னக் கம்பியைக் கழற்றினால் விழும். அதை எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. மெஷின் ஒரு மோட்டாரை மட்டும் கூடுதலாகத் தாங்கியிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தாங்காமல் நின்றிருந்தால் ஸ்டேஷன் மொத்தமும் கரண்ட் இல்லாமல் நின்றிருக்கும், என் வேலையும் அதோடு போயிருக்கும். பயந்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொஞ்சம் ஓய்ந்த பிறகு வேலிக்குப் போனேன். "நெசமாவே கரண்ட் போயிருச்சுண்ணே. ஸ்டேஷனுக்காக ஓடுது."

"அப்ப நமக்கு?"

"வராதுண்ணே."

"சரி. லைன் வந்ததும் ஓட்டுவியில்ல?"

"நாலு மணி நேரம் ஓடிருச்சுன்னா கணக்கு முடிஞ்சுது. அதுக்குமேல ஓட்டக்கூடாது."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீ போய் வேலையப் பாரு, சார் தேடப்போறாரு," என்றார். லைன் ஒரு மணிக்கு வந்தது. மெஷின் சரியாக நாலே கால் மணி நேரம் ஓடியிருந்தது. அதுவரை அண்ணன் கொட்டகை நிழலில், மடியில் ஃப்யூஸோடு உட்கார்ந்திருந்தார். ஊளை அடங்கியதும் எழுந்து, மூன்று கட்டைகளையும் எடுத்த இடத்தில் மாட்டிவிட்டுப் போனார்.

லைன் போனது எப்படி என்று பார்க்கத் திங்கட்கிழமை தலைமை ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமையே ஒயரைச் சுருட்டிவிட்டேன். வந்தவர்கள் பதினைந்து நாள் இருந்தார்கள். மெஷினைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார்கள். அதை வீட்டுக்கு எடுத்துப்போகப் பிடிக்காமல் வாசல் செக்யூரிட்டியிடம் கொடுத்தேன். அவர்கள் கிளம்பிய வாரத்தில் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கியது. அதற்குள் அண்ணன் வயலில் கதிரெல்லாம் வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நின்றது. மணி பிடித்த கதிர் தலை குனியும். கையில் பிடித்து நசுக்கினால் ஒன்றுமில்லை, தவிடுகூட இல்லை. மூன்று மாவிலும் மாட்டை அவிழ்த்து விட்டார்.

அடுத்தாற்போல் பொங்கல். கடைமடை அக்கா ஒரு மரக்கால் புது அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து அண்ணன் வீட்டில் இறக்கினார். அழுதார். அண்ணிதான், "நல்ல நாளும் அதுவுமா என்ன இது, உக்காருங்க," என்று தண்ணீர் கொடுத்தார். அந்த அரிசியில்தான் பொங்கல் வைத்தது. அண்ணன் இரண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. "நல்ல அரிசிடா, சாப்பிடு," என்றார். அப்புறம் அந்த வயலை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவர் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்தார். வேலி ஓரம் வருவது நின்றது. வியாழக்கிழமைதோறும் சூட்டுப்பெட்டி யாரோ ஒருவர் பயிர்மேல் ஊதியது. மேலும் ஏழு வருஷம் நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் சாமியானா போட்டுக் கூட்டம் வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னதால் அண்ணனும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். முன்வரிசையில் உட்காரச் சொன்னதற்குக் கேட்கவில்லை, கடைசி நாற்காலிக்குப் போய்விட்டார். மேனேஜர் புதியவர். காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "இவரோட இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல அந்த மெஷின் நெஜமாவே தேவைப்பட்டது ஒரே ஒரு தடவைதான். ஒரு வியாழக்கிழமை. அந்த ஒரு தடவையும் ஒரு செகண்ட் தவறாம எடுத்துக்கிச்சு. அதுக்குக் காரணம் இவர்தான். எல்லாரும் பலமா ஒரு கை தட்டுங்க," என்றார்.

எல்லோரும் தட்டினார்கள். நான் தலையைத் தூக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். கையிலிருந்த டீ கப்பைக் குனிந்து காலடியில் வைத்துவிட்டு, அண்ணனும் கை தட்டினார்.